காற்றில் பறந்த கொட்டாய்க் கூரை: வாசகர் கேள்வி பதில்

சித்திரை வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று, ஐப்பசி கார்த்திகையில் புயல் என்று வருஷத்துக்கு இரண்டு முறை நம் பக்கத்துக் கொட்டாய்களின் கூரை சோதனைக்கு உள்ளாகிறது. மழை விட்டதும் கூரையைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த இதழில் முழுக்க அவற்றுக்கே இடம் தந்திருக்கிறோம்.

வீட்டுத் தோட்டத்தில் 10-க்கு 15 அடி கொட்டாய். மண்வெட்டி, உரமூட்டை, ஸ்பிரேயர் எல்லாம் அதில்தான். ஒரே சாய்வு, கலர் ஷீட். போன வாரம் அடித்த காற்றில் 5 ஷீட்டில் 3 ஷீட் கழன்று பக்கத்து நிலத்தில் விழுந்தன. வெல்டர் ‘ஷீட்டை மட்டும் மாத்தினா போதும்’ என்கிறார். போதுமா ஐயா?
*— வாசகர், காட்பாடி*

புது ஷீட் வாங்குவதற்கு முன் பறந்துபோன ஷீட்டில் உள்ள ஓட்டைகளையும், கொட்டாய் மேல் நிற்கும் பைப்பையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கூரை எந்த இடத்தில் தோற்றது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்க்ரூ பைப்பிலேயே நிற்கிறது, ஷீட்டில் ஓட்டை மட்டும் நீளமாகக் கிழிந்திருக்கிறது என்றால் ஷீட் ஸ்க்ரூவின் தலையைத் தாண்டி உருவிக்கொண்டு போயிருக்கிறது. ஸ்க்ரூ எண்ணிக்கை குறைவு, அல்லது ஷீட் கனம் போதவில்லை. ஓட்டையின் ஓரம் பளபளவென்று இருந்தால் அன்றைக்குக் கிழிந்தது. துருப்பிடித்து நீள்வட்டமாக இருந்தால் அந்த இடம் வெகுநாளாகவே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் கூரைத் தகடு நடுப்பகலில் 65 டிகிரியைத் தாண்டும், விடியற்காலையில் 25-க்கு இறங்கும். 20 அடி நீள ஷீட் அந்த வித்தியாசத்தில் சுமார் 3 மி.மீ. நீண்டு சுருங்கும். தாழ்வாரத்தோடு சேர்த்து 11 அடி வரும் உங்கள் ஷீட்டுக்கு ஒன்றரை மி.மீ. தினமும் இப்படி இழுபட்டால் லூஸாக இருக்கிற ஓட்டை பெரிதாகிக்கொண்டேதான் போகும்.

ஸ்க்ரூவும் ஷீட்டோடு சேர்ந்தே வந்துவிட்டது என்றால் பைப்பில் மரை பிடிக்கவில்லை. அதற்கு முக்கியக் காரணம் மெல்லிய பைப். 18 கேஜ் பைப்பின் சுவர் 1.2 மி.மீ.தான். அதில் ஸ்க்ரூவுக்கு ஒரு மரைக்கு மேல் பிடிமானம் கிடைக்காது. பர்லினுக்கு, அதாவது ஷீட்டைத் தாங்கும் குறுக்குப் பைப்புக்கு, குறைந்தது 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. வேண்டும். 14 கேஜ், 2 மி.மீ. என்றால் நிம்மதி. இன்னொரு காரணம், ஸ்க்ரூ மெஷினை நிறுத்தாமல் சுற்றிவிடுவது. வாஷர் அமுங்கிய பிறகும் சுற்றினால் மரை அறுந்துபோகும். ஸ்க்ரூ நிற்பது போலத் தெரியும், ஆனால் பிடிக்காது.

பைப்பே ஷீட்டோடு போயிருந்தால் வெல்டிங் தோற்றது. கால் சாய்ந்திருந்தால் அடியில் குழி தோற்றது.

உங்கள் வெல்டர் சொல்வது முதல் வகைக்கு மட்டும்தான் பொருந்தும், அதற்கும் ஸ்க்ரூவைக் கூட்டிப் போட்டால்தான். மற்ற மூன்றில் எதுவாக இருந்தாலும் புது ஷீட் அடுத்த காற்றில் பழைய ஷீட் போன வழியிலேயே போகும்.

காற்று கூரையை என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் பார்த்துவிடுவோம். மணிக்கு 100 கி.மீ. காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 47 கிலோ. தாழ்வாரம் சேர்த்து உங்கள் கூரை 11-க்கு 16 அடி, சுமார் 16 சதுர மீட்டர். காற்று கூரையை மேலே உறிஞ்சும் விசை கிட்டத்தட்ட 750 கிலோ ஆகிறது. கூரைத் தகட்டின் மொத்த எடையோ 80 கிலோ. 60 கி.மீ. காற்றிலேயே அந்த விசை 270 கிலோவைத் தொடுகிறது. கூரை நிற்பது எடையால் இல்லை, பிடிமானத்தால். ஒரு பக்கம் சுவர் இல்லாத கொட்டாயாக இருந்தால் உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். இந்த இழுப்பு கூரை முழுக்க ஒரே அளவாக இருக்காது. ஓரங்களிலும் மூலைகளிலும் நடுவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். அதனால்தான் ஓர ஷீட் முதலில் கிளம்புகிறது. அது போனதும் அடுத்த ஷீட்டின் விளிம்பு திறந்துகொள்ளும்.

இனி உங்கள் அளவுக்குச் சாமான் கணக்கு. 0.50 மி.மீ. கனமுள்ள கலர் ஷீட், 11 அடி நீளம், 5 எண்ணம். ஒரு ஷீட் ஓவர்லேப் போக சுமார் 1 மீட்டர் மூடும். பர்லின் 4 வரிசை, இடைவெளி மூன்றரை அடிக்கு மேல் வேண்டாம். இப்போது 3 வரிசைதான் இருக்கிறதென்றால் நான்காவதைச் சேர்க்கச் சொல்லுங்கள். மேல் ஓரத்துப் பர்லினிலும் கீழ் ஓரத்துப் பர்லினிலும் ஷீட்டுக்கு 5 ஸ்க்ரூ, நடு இரண்டு வரிசையில் ஷீட்டுக்கு 3. ஆக 80. கைதவறி விழுவது, மரை போவது எல்லாம் சேர்த்து 100 வாங்குங்கள். ஷீட்டும் ஷீட்டும் சேரும் நாலு ஓவர்லேப்பிலும் ஒன்றரை அடிக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ, அதற்கு 35. இந்தச் சின்ன ஸ்க்ரூவைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. காற்று நுழைவதோ அந்த இடுக்கில்தான்.

ஸ்க்ரூ 12-ஆம் நம்பர், தானே துளையிட்டு இறங்கும் செல்ஃப் டிரில்லிங் வகை. ஷீட்டின் பள்ளத்தில் அடித்தால் 25 மி.மீ. நீளம் போதும், மேட்டில் அடித்தால் 55 மி.மீ. வேண்டும். நம் பக்கத்தில் ஒழுகும் என்று பயந்து மேட்டில் அடிப்பதே வழக்கம். காற்றுக்கு நிற்க வேண்டும் என்றால் பள்ளத்தில் அடிப்பதே நல்லது. ஷீட் நேராகப் பைப்பின் மேல் உட்காருகிறது, ஆடாது. ஒழுகாமல் இருப்பது வாஷரைப் பொறுத்தது. வாங்கும்போது வாஷரை நகத்தால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் தனியாகக் கழன்று வந்தால் அது இரண்டு கோடைக்குள் வெடித்துவிடும். வெயில் தாங்கும் இ.பி.டி.எம். ரப்பராக இருந்தால் தகட்டு வளையத்தோடு ஒட்டியே இருக்கும்.

அடிக்கும் முறை: கீழே பைப்பின் நடுமையத்தை அளந்து, மேலே ஷீட்டில் நூல் பிடித்துக் கோடு போடுங்கள். ஸ்க்ரூ நேர்செங்குத்தாக இறங்கட்டும். வாஷரின் ரப்பர் தகட்டு விளிம்புக்கு வெளியே லேசாக எட்டிப் பார்க்கும் நேரத்தில் கையை எடுத்துவிடுங்கள். பிதுங்கி மடங்கினால் அதிகம், விரலால் சுற்றும்போது வாஷர் நகர்ந்தால் குறைவு. பழைய பைப்பில் பழைய ஓட்டையிலேயே அடிக்காதீர்கள், 2 அங்குலம் தள்ளி அடியுங்கள். தள்ள இடமில்லாத இடத்தில் 14-ஆம் நம்பர் ஸ்க்ரூ போடலாம்.

வேலை முடிந்த அன்றே கூரையில் சிதறிய இரும்புத் தூளை மெத்தென்ற துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுங்கள். ஒரு மழை பட்டால் அந்தத் தூள் துருப்பிடித்து, பெயிண்டைத் தின்று, அடியில் உள்ள தகட்டுக்கும் இறங்கும். ஷீட்டைக் கிரைண்டரில் அறுக்கவும் வேண்டாம். அறுத்த ஓரத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய் துரு அங்கிருந்தே கிளம்பும். தகரம் வெட்டும் கத்தரி போதும், இல்லையென்றால் கடையிலேயே 11 அடிக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள்.

பறந்து விழுந்த 3 ஷீட்டில் மேடு மடிந்து கோடு விழுந்ததைத் திரும்பக் கூரைக்குப் போடாதீர்கள். நிமிர்த்தினாலும் அந்தக் கோட்டில்தான் அடுத்து கிழியும். பக்கத் தடுப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஓவர்லேப்பை எந்தப் பக்கம் பார்த்து விட வேண்டும்? ஒருவர் கிழக்கு என்கிறார், ஒருவர் மேற்கு என்கிறார்.
*— வாசகி, லத்தேரி*

மேலே வரும் ஷீட்டின் ஓரம் காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். அதற்கு, காற்று போகும் கடைசியில் முதல் ஷீட்டை வைத்து, காற்று வரும் திசையை நோக்கி அடுக்கிக்கொண்டே வர வேண்டும்.

எந்தக் காற்று என்பதில்தான் அந்த இருவருக்கும் சண்டை. புயல் மையம் நமக்குத் தெற்கே கடந்தால் காற்று வடகிழக்கில் தொடங்கி, கிழக்குக்கும் பிறகு தென்கிழக்குக்கும் திரும்பும். மையம் நமக்கு வடக்கே கடந்தால் வடமேற்கில் தொடங்கி மேற்காகத் திரும்பும். 2016 டிசம்பரில் வர்தா சென்னை அருகே கரை கடந்தது, 2020 நவம்பரில் நிவர் புதுச்சேரி அருகே கடந்தது. இரண்டுக்கும் ஒரே திசையை நம்பியிருக்க முடியாது. கோடைச் சூறைக்காற்று இடிமேகம் எங்கே கவிழ்கிறதோ அங்கிருந்து வரும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் நமக்குக் கிழக்கு, வடகிழக்குக் காற்றே அதிகம் என்பதால் ஓவர்லேப் ஓரத்தை மேற்கு பார்க்க விடுங்கள். அதோடு ஒன்றரை அடிக்கு ஒரு ஸ்க்ரூ போட்டு இடுக்கை மூடிவிட்டால் மற்ற திசைக் காற்றையும் தாங்கும்.

தென்னந்தோப்பு ஓரத்தில் 12 வருஷ ஆஸ்பெஸ்டாஸ் கொட்டாய். காற்றில் மட்டை விழுந்து இரண்டு ஷீட்டில் விரிசல், ஒன்றில் தலை அளவு ஓட்டை. சிமெண்ட் பூசி அடைக்கலாமா? மாற்றுவதானால் நாங்களே ஏறிச் செய்துவிடலாமா?
*— வாசகர், குடியாத்தம்*

முதலில் ஏறுவதைப் பற்றி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் எடையைத் தாங்கும் என்று நம்பிக் கால் வைக்கிறவர்கள் உள்ளே விழுகிறார்கள். ஷீட் பழையதாகும்போது நொறுங்கும் தன்மை கூடும், பாசி பிடித்திருந்தால் வழுக்கவும் செய்யும். போல்ட் வரிசைக்கு மேல் கால் வைத்தால் தாங்கும் என்பதும் உறுதியில்லை. ஓரடி அகலம், ஒன்றரை அங்குலக் கனமுள்ள பலகை இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது மூன்று பர்லின் மேல் படுக்கும் நீளம் இருக்க வேண்டும். ஒன்றில் நின்றுகொண்டு மற்றதை நகர்த்துங்கள். முடிந்தால் ஏறாமலே, கீழே சாரம் கட்டி உள்ளிருந்து கழற்றுவதே சரி.

அடுத்தது தூசி. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் உள்ள கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாது. நுரையீரலில் போனால் வெளியே வராது, பல வருஷம் கழித்து நோயாக வெளிப்படும். முழு ஷீட்டாகக் கிடக்கும்வரை ஆபத்து குறைவு. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், காய்ந்த துடைப்பத்தால் பெருக்கும்போதும்தான் இழை பறக்கிறது. அதனால் வேலைக்கு முன் ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். மூக்கில் துணி கட்டினால் போதாது, என்-95 அல்லது அதைவிட நல்ல மாஸ்க் வேண்டும். கிரைண்டர் கூடவே கூடாது. உடைந்த துண்டுகளை ஈரமாகவே பொறுக்கி, தடித்த பாலிதீன் கவரில் கட்டி, ஓட்டையில்லாத சாக்கில் போட்டு, நகராட்சியில் அல்லது ஊராட்சியில் கேட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும். மாட்டுத் தொழுவத்தில் சேறு தீர அந்தத் துண்டுகளை இடித்துக் கொட்டும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாட்டுக் குளம்பு பட்டுப் பட்டு அது தூளாகும், அதைச் சுவாசிப்பது தினமும் அங்கே பால் கறப்பவர்.

சிமெண்ட் பூச்சு நிற்காது. ஷீட் வெயிலில் அசைகிறது, சிமெண்ட் அசையாது, ஒரு மாதத்தில் ஓரம் பிரிந்துவிடும். ஓரடிக்குக் குறைவான விரிசலாக இருந்தால் ஈரத்துணியால் பாசியைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அலுமினிய முகமுள்ள 6 அங்குலத் தார் டேப்பை விரிசலின் இரு முனைக்கும் 4 அங்குலம் தாண்டி ஒட்டுங்கள். மேடு பள்ளத்தில் துணி உருண்டையால் அமுக்கி அமுக்கி ஒட்டினால்தான் அடியில் காற்று நிற்காது. இந்த மழைக்காலத்தைத் தாண்டிவிடலாம், அவ்வளவுதான். ஓட்டை விழுந்த ஷீட்டை மாற்றியே ஆக வேண்டும்.

புது ஷீட் வாங்கப் போகும்போது பழைய ஷீட்டின் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு வரை உள்ள தூரத்தையும் பள்ளத்தின் ஆழத்தையும் அளந்துகொண்டு போங்கள். வழக்கமான அளவு மேட்டுக்கு மேடு 146 மி.மீ., ஷீட் அகலம் 1.05 மீட்டர், கனம் 6 மி.மீ. இதில் ஒன்று மாறினாலும் ஓவர்லேப் உட்காராது, இடைவெளியில் சாரல் அடிக்கும். மேல் ஷீட், கீழ் ஷீட் சேரும் இடத்தில் குறைந்தது 6 அங்குலம் மூடட்டும். பர்லின் இடைவெளி 1.4 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாழ்வாரம் பர்லினுக்கு வெளியே ஓரடிக்கு மேல் நீளவும் கூடாது. நீட்டிவிட்ட தாழ்வாரம்தான் முதலில் ஒடிகிறது.

ஷீட்டைப் பர்லினோடு பிடிக்கும், J எழுத்துப் போல வளைந்த ஜே போல்ட் 8 மி.மீ. என்றால் ஓட்டை 10 மி.மீ., அதுவும் மேட்டின் உச்சியில், டிரில்லால். ஆணி வைத்து அடித்து ஓட்டை போட்டால் அடிப்பக்கம் பெயர்ந்து அங்கிருந்து விரிசல் ஓடும். ஒரு பர்லினில் ஷீட்டுக்கு 2 போல்ட்டாவது வேண்டும். போல்ட்டில் முதலில் தார் வாஷர், அதன் மேல் குழிந்த தகட்டு வாஷர், பிறகு நட்டு. வாஷர் அசையாத அளவுக்கு முடுக்கினால் போதும். பலம் காட்டி முடுக்குவதால் வந்த விரிசல்தான் உங்கள் மற்ற ஷீட்டுகளிலும் இருக்கும், போல்ட்டைச் சுற்றிப் பாருங்கள்.

இன்னொன்று. தோப்பு ஓரத்தில் கொட்டாய் இருக்கும்வரை மட்டை விழத்தான் செய்யும். புரட்டாசியில் மரமேறிக் காய்ந்த மட்டையையும் பாளையையும் இறக்கிவிடச் சொல்லுங்கள். கூரைக்கு மேல் சாயும் ஒரு மரத்தை மட்டுமாவது வருஷம் தவறாமல் கவனியுங்கள்.

கொட்டாயின் ஆறு காலும் சாய்ந்துவிட்டன. ஷீட் ஒன்றுகூடக் கழலவில்லை. நிமிர்த்தி மண் அடித்தால் நிற்குமா?
*— வாசகர், பள்ளிகொண்டா*

நிற்காது. உங்கள் ஷீட் நன்றாகப் பிடித்திருந்ததால் இழுப்பு முழுக்கக் காலுக்கு இறங்கி, கால் பிடுங்கிக்கொண்டது. குழி எவ்வளவு என்று தோண்டிப் பாருங்கள். ஓரடிக்கு ஓரடி, ஓரடி ஆழம்தான் என்றால் அதில் உள்ள கான்கிரீட் 70 கிலோகூட வராது. ஆறு காலுக்கும் சேர்த்து 400 கிலோ, அவ்வளவுதான். மேலே காட்பாடி வாசகருக்குச் சொன்ன 750 கிலோ இழுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒன்றரை அடிச் சதுரத்தில் 2 அடி ஆழக் குழி வெட்டினால் ஒவ்வொன்றிலும் 300 கிலோ கான்கிரீட் நிற்கும். ஆறு குழிக்கு 1,800 கிலோ. 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவையில் ஒரு குழிக்கு முக்கால் மூட்டையைக் கொஞ்சம் தாண்டும், மொத்தம் 5 மூட்டை சிமெண்ட். பாலாற்றங்கரை மணல் நிலமாக இருந்தால் குழியின் ஓரம் சரிந்துகொண்டே வரும், நனைத்து வெட்டுங்கள், இரண்டரை அடி இறங்குங்கள். காலின் அடிமுனையில் ஓரடி நீளக் கம்பி இரண்டைக் குறுக்காக வெல்டு வைத்தால்தான் பைப் கான்கிரீட்டிலிருந்து உருவாது. வழுவழுப்பான பைப்பை அப்படியே நட்டால் கான்கிரீட் இருந்த இடத்தில் இருக்கும், கால் மட்டும் மேலே போகும்.

கான்கிரீட்டைத் தரைக்கு மேல் அரையடி உயர்த்தி, மேல் முகத்தை வெளிப்பக்கம் சரித்து முடியுங்கள். தண்ணீர் காலோடு தேங்காது. மாடு கட்டும் கொட்டாயென்றால் இது கட்டாயம். மூத்திரமும் சாணியும் படும் இடத்தில்தான் பைப் முதலில் அரிக்கும். தரையிலிருந்து ஓரடி வரை சிங்க் பிரைமர் ஒரு கோட், தார்ப் பெயிண்ட் இரண்டு கோட். கான்கிரீட்டை ஏழு நாள் நனைத்துவிட்டு அதன் பிறகு கூரையைப் பூட்டுங்கள்.

கால்களுக்கு இடையே மூலைவிட்டமாக ஒரு பைப் பிடித்து வெல்டு வைக்க மறக்காதீர்கள். பின்பக்கம் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. கட்டம் கட்டமாக நிற்கும் சட்டம் பக்கவாட்டில் தள்ளினால் சாயும், முக்கோணம் சாயாது.

மொட்டைமாடியில் ஷெட் போட்டிருந்தோம். கால் தகடு போல்ட்டோடு பெயர்ந்து வந்துவிட்டது. போல்ட்டோ கெட்டி, வளையக்கூட இல்லை.
*— வாசகி, சத்துவாச்சாரி*

போல்ட் பிடித்திருந்தது தளத்தில் இல்லை. பழைய மாடிகளில் தளத்துக்கு மேல் மூன்று நாலு அங்குலம் சுண்ணாம்புச் செங்கல் ஜல்லி போட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். 3 அங்குல போல்ட் அந்தச் சுண்ணாம்பிலேயே முடிந்துவிடும். பெயர்ந்த போல்ட்டின் முனையைப் பாருங்கள். செங்கல் தூள் ஒட்டியிருந்தால் அதுதான் காரணம்.

கால் வரும் இடத்தில் ஓரடிச் சதுரத்துக்குத் தட்டோட்டையும் ஜல்லியையும் கான்கிரீட் தெரியும் வரை எடுங்கள். 6-க்கு 6 அங்குலம், 8 மி.மீ. தகடு, நாலு மூலையில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட். தளத்தின் கனம் 5 அங்குலம்தான் இருக்கும் என்பதால் ஓட்டை 3 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். துளையில் உள்ள தூளை ஊதி எடுத்த பிறகே போல்ட்டை இறக்குங்கள், தூள் இருந்தால் ஆங்கர் விரியாது. பிறகு சுற்றிக் கான்கிரீட் மேடை கட்டி, மேடையும் தட்டோடும் சேரும் இடத்தில் வாட்டர்புரூஃபிங் பூசுங்கள். கூடுமானவரை கால் பீம் மேல் வரட்டும். தரையைவிட மாடியில் காற்று அதிகம், ஆகவே ஓரத்து ஸ்க்ரூவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஓட்டுக் கொட்டாய். கீழ் இரண்டு வரிசையும் முகட்டு ஓடும் போய்விட்டன. ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை.
*— வாசகர், ஆரணி*

மங்களூர் ஓடு என்றே எடுத்துக்கொள்கிறோம். நீங்களே செய்யக்கூடிய வேலைதான். ஓடு 100 சதுர அடிக்கு சுமார் 140 பிடிக்கும், உடைசலுக்குப் பத்து சேர்த்து வாங்குங்கள். ஓட்டின் அடியில் உள்ள குமிழ் ரீப்பரில், அதாவது ஓட்டைத் தாங்கும் மரச்சட்டத்தில், மாட்ட வேண்டும். ரீப்பருக்கு ரீப்பர் சுமார் பன்னிரண்டரை அங்குலம். கறையான் பிடித்த ரீப்பரை விரல் நகத்தால் கீறினாலே தெரியும், அதை மாற்றாமல் ஓடு அடுக்காதீர்கள்.

காற்று தாழ்வாரத்து ஓட்டைத்தான் முதலில் தூக்கும். ஆகவே கீழ் மூன்று வரிசை, இரண்டு பக்க ஓரம் ஆகியவற்றில் ஒவ்வொரு ஓடாக எடுத்து, அதன் குமிழில் உள்ள துளையில் ஜி.ஐ. கம்பி கோத்து ரீப்பரோடு முறுக்கிக் கட்டுங்கள். நடுப்பகுதிக்குத் தேவையில்லை. முகட்டு ஓட்டுக்கு வெறும் சிமெண்ட் கலவை வெடிக்கும். சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்று கலந்து, ஓட்டை நன்றாக நனைத்துப் பதியுங்கள்.

ஆட்டுக் கொட்டாய்க்குக் கீற்றுக் கூரை. வருஷா வருஷம் காற்று பிய்த்துப் போடுகிறது. ஷீட்டுக்கு மாறிவிடலாமா?
*— வாசகர், அணைக்கட்டு*

ஆடுகளுக்குக் கீற்றின் குளிர்ச்சியை ஷீட் தராது. சித்திரை வெயிலில் தாழ்ந்த ஷீட் கொட்டாயில் ஆடு மூச்சிரைத்து நிற்கும். கூரையை மாற்றுவதைவிடக் கட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். சாய்வு 45 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடும், கீற்றும் அழுகாது. தாழ்வாரம் முழம் அளவோடு நிற்கட்டும். கீற்று வேய்ந்த பிறகு மேலே பழைய மீன்வலையோ நைலான் வலையோ போர்த்தி, ஓரத்தைக் கயிறு கோத்துக் கால்களில் இழுத்துக் கட்டுங்கள், வேய்ந்த கீற்றில் கட்டக் கூடாது. சவுக்குக் கால் மண்ணோடு சேரும் இடத்தில் கறையான் அரித்திருக்கிறதா என்று கடப்பாரை முனையால் குத்திப் பாருங்கள். கால் போன கொட்டாய்க்கு வலை போட்டு என்ன பயன்?

மழையில் ஸ்க்ரூ ஓட்டை எல்லாம் சொட்டுகிறது. எம்-சீல் வைத்தோம், மறுபடி ஒழுகுகிறது.
*— வாசகி, ராணிப்பேட்டை*

எம்-சீல் ஒரு எபாக்ஸி பசை, இறுகிக் கல்லாகிவிடும், ஷீட்டோ தினமும் நீண்டு சுருங்குகிறது. இரண்டும் பிரியத்தான் செய்யும். வாஷர் வெடித்த ஸ்க்ரூவைக் கழற்றி, அதே ஓட்டையில் ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூவைப் புது வாஷரோடு போடுங்கள். பயன்படாத வெற்று ஓட்டைக்குச் சிறிய தகட்டுத் துண்டு, அடியில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் டேப்), சுற்றி நாலு சின்ன ஸ்க்ரூ. சீலண்ட் வாங்கினால் நியூட்ரல் சிலிகான் கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் துத்தநாகப் பூச்சை அரிக்கும்.

சொட்டும் இடத்துக்கு நேர்மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஷீட்டின் அடிவயிற்றில் ஒட்டி ஓடி, பர்லின் தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். ஒருவர் உள்ளே நிற்க, ஒருவர் ஏணியில் நின்று கீழ் ஓரத்திலிருந்து மேலே, ஓரடி ஓரடியாகக் குழாயால் தண்ணீர் விட்டு வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த ஓட்டை என்று பிடிபடாது.

புயல் நாளில் கூரை மேல் மணல் மூட்டை, கல் வைக்கலாமா?
*— வாசகர், சோளிங்கர்*

வேண்டாம். நாலு மூட்டை வைத்தால் 100 கிலோ, இழுப்பு அதைப் போலப் பல மடங்கு. கூரை கிளம்பினால் கல்லும் சேர்ந்து பறக்கும். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் மூட்டையின் கனத்திலேயே விரியும். அப்படியே விட்ட சாக்கு வெயிலில் இற்றுப்போய் மணல் பள்ளத்தில் தேங்கி, ஈரம் பிடித்துத் துரு ஏற்றும்.

அவசரத்துக்கு ஒரு வழி: 12 மி.மீ. நைலான் கயிற்றைக் கூரைக்குக் குறுக்காக நாலு இடத்தில் போட்டு, இரு முனையையும் தரையில் 2 அடி இறங்கிய முளையில், முளை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும்படி, கட்டுங்கள். கயிறு படும் விளிம்பில் சாக்குத் துண்டு மடித்து வையுங்கள், இல்லையென்றால் தகடு கயிற்றை அறுக்கும். கொட்டாயில் லூஸாகக் கிடக்கும் ஷீட், தட்டு, டிரம் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கதவைத் தாழ் போடுங்கள். காற்று நுழையும் ஒரு பக்கம் மட்டும் திறந்திருப்பது கூரைக்கு நல்லதில்லை.

பறந்த ஷீட் மோட்டார் கொட்டாய்க்கு வரும் மின்கம்பி மேல் கிடக்கிறது. மூங்கிலால் தள்ளிவிடலாமா?
*— வாசகர், கே.வி.குப்பம்*

தள்ளாதீர்கள். நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாயும், லைன் நின்றிருப்பதாக நீங்கள் நினைக்கும் நேரத்தில் சப்ளை திரும்ப வரலாம். யாரையும், மாட்டையும் கிட்டே விடாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். லைன்மேன் வந்து சப்ளையை நிறுத்தி ஷீட்டை எடுத்த பிறகே கொட்டாய்ப் பக்கம் போக வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டி நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் காயவைத்து, எர்த் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகு மோட்டாரைப் போடுங்கள்.